மாதம் 4,130 ரூபாய்க்கு ஒரு சித்தப்பா

2023 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, எங்கள் ஊர்த்தெரு டீக்கடையில் இரண்டு பேர் பைக்கை நிறுத்தி, என் பெயரைச் சொல்லி, காலனியில் எந்த வீடு என்று விசாரித்திருக்கிறார்கள். "பிஎச்.டி. படிக்கிறானே, அவனா?" என்று கேட்டிருக்கிறார் கடைக்காரர். ஆமாம் என்றவர்கள், எவ்வளவு பாக்கி என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள். மதியத்துக்குள் அந்தத் தொகை நூறு நாள் வேலை நடந்த வாய்க்கால் கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா அன்றைக்கு அங்கேதான் மண் சுமந்துகொண்டிருந்தார்.

எங்கள் காலனியிலிருந்து முனைவர் பட்ட ஆய்வுக்குப் போன முதல் ஆள் நான். ஊர்த்தெருவில் என் பெயரைக் கொஞ்சம் மரியாதையோடு சொன்ன நாட்கள் குறைவு. அவை அன்றோடு முடிந்தன.

இதில் கொடுமை என்னவென்றால், அப்படி யாரும் வீடு தேடி வந்துவிடக் கூடாது என்பதற்காகவே நான் ஒரு நிறுவனத்துக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். கடன் கொடுத்த நிறுவனம் வேறு. இது கடனைத் தீர்த்துவைப்பதாகச் சொல்லும் நிறுவனம். இன்ஸ்டாகிராமில் இந்த வகை விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடன் பாதியாகக் குறையும், ரெக்கவரி ஏஜென்ட் போன் நின்றுவிடும், எங்கள் வழக்கறிஞர் குழு உங்களோடு இருக்கும் என்பார்கள். சேர்க்கைக் கட்டணம் 11,800 ரூபாய். அதன்பிறகு மாதம் 4,130 ரூபாய், ஜிஎஸ்டி உட்பட. எட்டு மாதம் கட்டினேன். ஆக 44,840 ரூபாய். அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பவர்களுக்காகவும்தான்.

முதலில் கடன் வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். 2022-இல் ஏழு மாதம் எனக்கு ஆய்வு உதவித்தொகை வரவில்லை. வரும், மொத்தமாக வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான், பிறகு மொத்தமாகத்தான் வந்தது. ஆனால் விடுதி மெஸ் பில் மாதாமாதம் வந்தது. களப்பணிக்குப் பேருந்தில் போனேன், அந்தக் காசும் மாதாமாதம் தேவைப்பட்டது. தங்கைக்கு செமஸ்டர் கட்டணம் இருந்தது. முதலில் கிரெடிட் கார்டு, அப்புறம் ஒரு கடன் செயலி, அந்தக் கடனின் டியூவைக் கட்ட இன்னொரு கடன் செயலி. கார்டில் 1,12,000, செயலிகளில் 1,74,000. இரண்டும் சேர்ந்து 2,86,000. ஊதாரித்தனம் என்று சொல்ல இதில் ஒரு செல்போன்கூட இல்லை. இதை எழுதும்போதும் எனக்குள் ஒருவன் இப்படிக் கணக்கு ஒப்பித்துத் தன் நேர்மையை நிரூபிக்கப் பார்க்கிறான், பாருங்கள். கடன்பட்டவன் என்றாலே சாட்சிக் கூண்டில் நிற்கும் பழக்கம் அது.

நிறுவனம் சொன்ன முதல் ஆலோசனை, எந்தக் கடனுக்கும் டியூ கட்டாதே என்பது. கட்டாமல் சில மாதம் விட்டால் கடன் வாராக்கடனாகும், அப்போது வங்கியே இறங்கி வரும், நாங்கள் பேசி முடிப்போம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. டியூவை நிறுத்தினேன். அவர்களுக்குக் கட்டுவதை நிறுத்தவில்லை. எட்டு மாதத்தில் வட்டியும் அபராதமும் ஏறி 2,86,000 ரூபாய் 3,71,000 ஆனது. அவர்கள் எனக்காகச் செய்தது, பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் அனுப்புகிற மாதிரியான இரண்டு மின்னஞ்சல்கள். அதில் ஒன்றில் வங்கியின் பெயரே தப்பு. டீக்கடைக்கு ஆள் வந்ததைச் சொல்லி போன் செய்தபோது, மாதாமாதம் குரல் மாறும் அந்த 'உறவு மேலாளர்' சொன்னார்: "இதெல்லாம் பிராசஸ்ல நார்மல் சார்."

என் விடுதி நண்பன் ஒருவனுக்கும் இதே காலத்தில் இதே மாதிரிக் கடன். கிட்டத்தட்ட இதே தொகை. அவன் ஆதிக்கச் சாதிக் குடும்பத்துப் பையன், நல்லவன், இன்றும் நண்பன்தான். அவனுடைய சித்தப்பா வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு போன் செய்தான். எந்தக் கிளையில் யாரிடம் பேச வேண்டும், எந்த மாதம் பேசினால் இறங்கி வருவார்கள், கடிதம் கையில் வராமல் ஒரு ரூபாயும் கட்டாதே, 'செட்டில்டு' என்று எழுதினால் பின்னால் வீட்டுக்கடன் வாங்கும்போது இடிக்கும், முடிந்தால் 'க்ளோஸ்டு' என்று வாங்கு என்று அவர் எல்லாவற்றையும் இருபது நிமிடத்தில் சொல்லிவிட்டார். நான்கே மாதத்தில் அவன் கணக்கு முடிந்தது. அவன் வீட்டு வாசலுக்கு யாரும் வரவில்லை. "மச்சான், நீ ஏன்டா எங்கிட்ட கேக்கல?" என்றான் பிறகு. கேட்டிருக்கலாம். ஆனால் எனக்குக் கடன் இருக்கிறது என்பதை அவனிடம் சொல்வதற்குப் பதிலாக மாதம் 4,130 ரூபாய் கட்டுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அந்த நிறுவனம் சம்பாதிப்பது இந்த இடத்தில்தான்.

அவர்கள் விற்பது சட்ட உதவி என்று நான் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் அவர்கள் விற்பது ஒரு சித்தப்பாவை. வங்கியில், நீதிமன்றத்தில், தாலுகா ஆபீசில் உட்கார்ந்திருக்கும் உறவுக்காரர் இல்லாத குடும்பங்களுக்கு வாடகைக்கு ஒரு சித்தப்பா. நம்மில் பெரும்பாலோர் முதல் தலைமுறைச் சம்பளக்காரர்கள். முதல் கிரெடிட் கார்டும் நம்முடையதுதான், முதல் வக்கீல் நோட்டீசும் நமக்குத்தான் வருகிறது. சமூக மூலதனம் என்று நாங்கள் கருத்தரங்குகளில் பேசுவது இவ்வளவுதான்: ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய ஒரு நம்பர்.

என் தாத்தா பண்ணையாளாக இருந்தவர். கல்யாணத்துக்கு மிராசுதாரரிடம் வாங்கிய நெல்லுக்கும் பணத்துக்கும் அவரே ஈடு. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்து, அந்த வகைக் கடன்களே செல்லாது என்றது. சட்டப்படி நாங்கள் விடுபட்டுவிட்டோம். ஆனால் கடன் என்றதும் ஊர்த்தெருவுக்கு முன்னால் தலை கவிழும் அந்த உடல்மொழி மூன்று தலைமுறை தாண்டி எனக்கு வந்திருக்கிறது. வசூலுக்கு வந்த இரண்டு பேரும் காலனிக்கு நேராக வந்திருக்கலாம், செயலியில் முகவரி இருக்கிறது. ஊர்த்தெருவில் நிறுத்திக் கேட்டதற்குக் காரணம் வழி தெரியாமை என்று நான் நம்பவில்லை.

இதையெல்லாம் விட எனக்கு எரிச்சலூட்டியது பின்னால் தெரிந்துகொண்ட ஒரு விஷயம். நான் காசு கொடுத்து வாங்கப் பார்த்தவை எல்லாம் எனக்கு ஏற்கெனவே இலவசமாக உள்ளவை. காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ வசூலுக்காகக் கடனாளியை அழைக்கக் கூடாது, கடனாளியைப் பொதுவில் அவமானப்படுத்தக் கூடாது, குடும்பத்தார், நண்பர்கள், பரிந்துரைக்குப் பெயர் கொடுக்கப்பட்டவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. என் நெறியாளருக்கு இரவு 9 மணிக்கு வந்த அழைப்பு, டீக்கடை விசாரணை இரண்டும் அதற்கு விரோதம். ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம் 2021 நவம்பரிலிருந்து இருக்கிறது. வங்கிக்கு எழுதி 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் அங்கே இணையத்திலேயே புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. சமரசத் தீர்வுக்கும் அப்படித்தான். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அதற்கென்று இயக்குநர் குழு ஒப்புதல் பெற்ற கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. இடைத்தரகர் இல்லாமல் யாரும் நேராக எழுதிக் கேட்கலாம். நான் கடைசியில் அப்படித்தான் செய்தேன். உதவித்தொகை நிலுவை வந்ததும் நானே எழுதினேன், நானே பேசினேன். கார்டு பாக்கி 1,58,000 என்று நின்றதை 90,000-க்கும், செயலிக் கடன்கள் 2,13,000 என்று நின்றதை 1,15,000-க்கும் முடித்தேன். மூன்று கடிதம், பதினொரு போன்.

கடன் தீர்ந்ததும் விஷயத்தை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அம்மா விடவில்லை. அவர் மகளிர் குழுவில் பத்து வருடத்துக்கு மேல் கணக்கு எழுதியவர். வாரத் தவணைக் கடன்காரர்கள் வந்து உட்காரும் திண்ணை எங்களுடையது. யார் எவ்வளவு கட்டினார்கள், எந்தத் தேதியில், யார் கையெழுத்து என்பதை அட்டையோடு ஒரு மஞ்சள் பையில் போட்டு உத்தரத்தில் மாட்டி வைத்திருப்பார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: "கடன் வாங்குனது தப்பில்லடா. கடன அடைக்கிறேன்னு சொன்னவனுக்குக் காசு குடுத்த பாரு, அதான் தப்பு. ரசீது வச்சிருக்கியா?"

வைத்திருந்தேன். பணம் போன வங்கிக் கணக்கு விவரம், ஜிஎஸ்டி போட்ட ரசீதுகள், வாட்ஸ்அப் உரையாடல், நான் படிக்காமல் ஒப்புதல் கொடுத்த ஒப்பந்தத்தின் பிடிஎஃப், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட். இதில் கடைசியில் சொன்னதுதான் முக்கியம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒப்பந்தத்தில் அவர்கள் எதையும் உறுதி சொல்லவில்லை. உறுதிமொழியெல்லாம் விளம்பரத்திலும் வாட்ஸ்அப்பிலும் இருந்தது. விளம்பரம் மறுநாளே காணாமல் போகும். எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2024 ஜனவரியில் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். வந்த பதிலில் மூன்று விஷயம் இருந்தன. கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, தகராறு என்றால் ஆர்பிட்ரேஷனுக்குத்தான் போக வேண்டும், அதுவும் வடக்கே அவர்கள் தலைமையகம் இருக்கும் நகரத்தில். இதைப் படித்ததும் யாருக்கும் கை தளர்ந்துவிடும். அதற்காகவே எழுதப்பட்ட கடிதம் அது. ஆனால் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இலேயே சொல்லிவிட்டது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட வழி செய்திருக்கிறது. வடக்கிலிருக்கும் கம்பெனி எங்கள் மாவட்டத் தலைநகருக்கு வர வேண்டும், நான் டவுன் பஸ்ஸில் போனால் போதும். இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான்.

வக்கீலுக்குக் காசு இல்லையே என்று யோசித்தபோது, ஆய்வாளன் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கு முப்பது வயதுவரை தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டேன். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. அதற்கு வருமான வரம்பு கிடையாது. பெண்களுக்கும் அப்படியே. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் சாதிச் சான்றிதழ் நகலோடு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். எத்தனையோ இடத்தில் காட்டிக் கூனிய அந்தச் சான்றிதழ் அன்றைக்கு ஒரு வழக்கறிஞரைக் கொண்டுவந்தது.

அவர் ஐம்பது வயதைக் கடந்த அம்மா. நான் பெருமையாக எழுதிக்கொண்டு போன 19 பக்கப் புகாரை வாங்கிப் புரட்டினார். நவதாராளவாதம், கடன் பொருளாதாரம், சாதிய உளவியல் என்று அதில் எல்லாம் இருந்தது. "இது ஆய்வேடு இல்ல தம்பி, நாப்பத்தி நாலாயிரத்து எண்ணூத்தி நாப்பது ரூபா," என்று சொல்லி நான்கு பக்கமாக்கினார். அதில் அவர் செய்த ஒரு வேலை நுட்பமானது. ஒப்பந்தமே நியாயமற்றது என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டார். 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற கோரிக்கையை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது, அதற்கு சென்னையில் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். அதனால் புகார் இரண்டே இரண்டு காலில் நின்றது: சொன்ன சேவையைச் செய்யவில்லை, அது சேவைக் குறைபாடு. பொய் சொல்லி விற்றார்கள், கேட்டும் பணத்தைத் திருப்பித் தரவில்லை, அது நேர்மையற்ற வணிக முறை. ஐந்து லட்சம் வரை செலுத்திய தொகைக்குப் புகார்க் கட்டணம் இல்லை. தவறு நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் நாமே நின்று பேசவும் செய்யலாம். எங்கள் மனுவுக்கு முன்னால் ஒரு தையல்காரர் தையல் மெஷினுக்காக அப்படித்தான் நின்று பேசினார், கம்பெனி வக்கீலை விடத் தெளிவாக.

எதிர்தரப்பு முதல் வாய்தாவுக்கு வரவில்லை. இரண்டாவதற்கு ஒரு வழக்கறிஞர் வந்து அவகாசம் கேட்டார். பதிலுரை தாக்கல் செய்ய 30 நாள், அதற்கு மேல் 15 நாள், அதைத் தாண்டி ஒரு நாளும் கூடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. 45 நாளும் போய்விட்டது. பதிலுரை இல்லாமல் வாய் வாதம் மட்டும்தான் அவர்களுக்கு மிச்சம். அதில் அவர்கள் ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். வழக்கறிஞர்களின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எங்கள் கம்பெனி வழங்கியதும் வழக்கறிஞர் சேவைதான், எனவே புகாரே செல்லாது என்றார்கள். எங்கள் வழக்கறிஞர் எழுந்து, "கம்பெனி எந்த பார் கவுன்சில்ல பதிவு பண்ணியிருக்குன்னு நண்பர் சொன்னா நல்லா இருக்கும்," என்றார். பதில் இல்லை. ரசீதில் 'சந்தா' என்று இருந்தது, வழக்கறிஞர் கட்டணம் என்று எங்கும் இல்லை.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "புகார்தாரர் பிஎச்.டி. படிக்கிறார். படித்தவர்தானே, ஒப்பந்தத்தைப் படிக்காமலா கையெழுத்துப் போட்டார்?"

டீக்கடையில் கேட்ட கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான். படிக்காதவனாக இருந்திருந்தால் ஏமாளி என்றிருப்பார்கள். படித்தவன் என்பதால் ஏமாற எனக்கு உரிமையில்லை. ஒப்பந்தத்தில் இரண்டு தரப்பும் சமம் என்பது சட்டத்தின் அனுமானம். அம்பேத்கரும் ஒப்பந்தம் போட்டவர்தான். பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் படித்ததற்காக, ஒப்பந்தப்படி அங்கே பணியாற்ற 1917-இல் போனார். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த அவருக்கு அந்த நகரத்தில் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்தும் துரத்தப்பட்டார், திரும்பினார். அவருக்கு நேர்ந்ததோடு என் 44,840 ரூபாயை ஒப்பிட எனக்குத் துணிச்சல் இல்லை. காகிதத்தில் சமமாகக் கையெழுத்துப் போட்ட இருவர் வாசலுக்கு வெளியே வந்ததும் சமமாக இருப்பதில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். அன்று ஆணையத்தில் நான் சொன்ன பதில் இவ்வளவுதான்: "படிச்சேன் சார். நீங்க விளம்பரத்துல எழுதுனத."

மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் வழக்கு, பதினான்கு மாதம் எடுத்தது. ஒன்பது வாய்தா. அதில் நான்கு, உறுப்பினர் இல்லாததால் தள்ளிப்போனவை. ஒவ்வொன்றுக்கும் சென்னையிலிருந்து வந்து போன செலவைக் கூட்டினால் பத்தாயிரத்தைத் தொடும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது ஒன்பது நாள் கூலி நஷ்டமும் கூட. ஏழைகளின் நீதிமன்றம் என்று இதைப் புகழ்பவர்கள் இந்தக் கணக்கையும் போட வேண்டும். 2025 செப்டம்பரில் உத்தரவு வந்தது. 44,840 ரூபாயை வட்டியோடு திருப்பித் தர வேண்டும், மன உளைச்சலுக்கு 10,000, வழக்குச் செலவுக்கு 5,000.

பணம் இன்னும் வரவில்லை. மேல்முறையீட்டுக்கு 45 நாள் உண்டு, அதற்கு உத்தரவுத் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். அவர்கள் மேல்முறையீடும் செய்யவில்லை, தரவும் இல்லை. என்னைப் போன்றவர்கள் உத்தரவோடு ஓய்ந்துவிடுவார்கள் என்பது அவர்களுடைய கணக்காக இருக்கலாம். இப்போது நிறைவேற்று மனு போட்டிருக்கிறோம். 71-ஆம் பிரிவில் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே சொத்தைப் பற்றலாம். 72-ஆம் பிரிவில், உத்தரவை மதிக்காதவர்களுக்கு ஒரு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000-லிருந்து ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டு பிரிவிலும் மனு.

இதைத் தோழர்கள் சிலரிடம் சொன்னபோது கிடைத்த எதிர்வினையைப் பற்றியும் பேச வேண்டும். "இதுக்கெல்லாமா இவ்வளவு மெனக்கெடுற?" என்றார்கள். நிலவுரிமையைப் பேசுகிறோம், வன்கொடுமை வழக்குகளில் நிற்கிறோம், இட ஒதுக்கீட்டில் ஒரு இடம் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறோம். நல்லது. ஆனால் நம் கூட்டங்களுக்கு வருகிற பிள்ளைகளில் எத்தனை பேர் போனைச் சைலண்டில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கடன் தனிப்பட்ட ஒழுக்கக் குறைபாடாகவே நம்மிடையேயும் இருக்கிறது. என்னிடமும் இருந்தது. டெலிவரி ஓட்டுகிற தம்பி, ஒப்பந்தச் செவிலியராக இருக்கிற தங்கை, தற்காலிகப் பேராசிரியராக இருக்கிற அண்ணன் என்று என் விஷயம் தெரிந்தபிறகு தனியாக வந்து பேசியவர்கள் ஏழு பேர். அதில் மூன்று பேர் இதே மாதிரி நிறுவனங்களுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

ஆணையத்துக்குப் போங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வேன். ஆனால் ஆளுக்கு ஒரு வழக்காகப் போட்டு இந்த வியாபாரத்தை நிறுத்த முடியாது. பத்தாயிரம் பேரிடம் வாங்கி, வழக்குப் போட்ட பத்துப் பேருக்குத் திருப்பித் தருவது எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகும். அமெரிக்காவில் இந்த வியாபாரம் நம்மை விடப் பழையது. அங்கே கூட்டாட்சி வணிக ஆணையம் 2010 அக்டோபரிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறது. தொலைபேசி வழியே கடன் தீர்வு விற்கும் நிறுவனம், குறைந்தது ஒரு கடனையாவது தீர்த்துக்காட்டி, கடனாளி அதற்கு ஒப்புக்கொண்டு ஒரு தவணையாவது கட்டிய பிறகுதான் கட்டணம் வாங்க முடியும். முன்பணம் வாங்குவதே விதிமீறல். அதையும் மீறி வாங்கினால், சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம். கலிஃபோர்னியாவில் அங்கே தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம், எதிர்தரப்புக்காக வழக்கறிஞர் வந்து வாதாட முடியாது. அதனால் அங்கே ஏமாற்று இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் என் எட்டு மாதச் சந்தாவை அங்கே வாங்கியிருக்கவே முடியாது.

இங்கே அந்த ஒரு விதி வேண்டும். தமிழ்நாடு சட்டமன்றம் 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2025-இல் கடன் வழங்கும் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க இன்னொரு சட்டம் இயற்றியது. இரண்டுமே கடன் கொடுப்பவர்களைப் பற்றியவை. கடன் கொடுக்காமல், கடனாளியின் பயத்துக்கு மட்டும் கட்டணம் வாங்குகிறவர்கள் இரண்டுக்கும் வெளியே நிற்கிறார்கள். ரிசர்வ் வங்கியும் அவர்களுக்கு உரிமம் கொடுத்ததில்லை, அதனால் அதன் குறைதீர்ப்பாளரிடம் அவர்கள் மேல் புகாரும் செய்ய முடியாது. தீர்த்துவைக்காமல் கட்டணம் இல்லை என்ற ஒற்றை வரிக்காக நம் அமைப்புகள் ஒரு மனு கொடுத்தால் என்ன? நம் பேரவைகளில் மாதம் ஒரு ஞாயிறு, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவரையும் வழக்கறிஞர் ஒருவரையும் உட்கார வைத்து, யார் வேண்டுமானாலும் தன் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டலாம் என்று சொன்னால் என்ன? நம்மிலும் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். இட ஒதுக்கீட்டில் போனவர்கள். அவர்களை நாம் ஏப்ரல் 14-ஆம் தேதி மேடையில் சால்வை போடுவதற்கு மட்டும் கூப்பிடுகிறோம்.

எங்கள் ஊரில் ஒன்று தானாகவே தொடங்கிவிட்டது. உத்தரவு நகலை வீட்டுக்குக் கொண்டுபோன அன்று அம்மா அதை லேமினேட் செய்யச் சொன்னார். நான் சிரித்தேன். மறுநாள் குழுக் கூட்டத்தில் அதைச் சுற்றுக்கு விட்டிருக்கிறார். ஒரு கூட்டத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டு அத்தை தன் மகனின் ஒப்பந்தத்தை போனில் காட்டி, "இதுல என்னா போட்ருக்குன்னு படிச்சு சொல்லு தம்பி," என்றார். படித்தேன். சேர்க்கைக் கட்டணம் கட்டி இருபது நாள்தான் ஆகியிருந்தது. அன்றிரவே நோட்டீஸ் எழுதினோம்.

நிறைவேற்று மனு அடுத்த மாதம் 12-ஆம் தேதி வருகிறது. அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கம்பெனிக்காரன் எப்படி இருப்பான் என்று பார்க்க வேண்டுமாம். கம்பெனிக்காரர் வரமாட்டார், வக்கீல்தான் வருவார் என்றேன். "வரட்டும், அவனையாவது பாக்குறேன்," என்றார். மஞ்சள் பையையும் எடுத்துக்கொண்டுதான் வருவார் போல.